அட்டைத் தொகுப்புக்கு ஏற்ற பைண்டர்

போகிமான் போன்ற விளையாட்டு அட்டைகளைச் சேகரிப்பவருக்கு, ஒரு தொகுப்பின் கடைசி அட்டையும் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அவற்றை எதில் வைப்பது என்ற கேள்வி உண்மையான கவலையாக மாறுகிறது. என் முதல் பைண்டர், அதாவது அட்டைகளைச் செருகும் பைகளுள்ள நெகிழித் தாள்கள் கொண்ட கோப்பு, வட்ட வளையம் கொண்டது. சில மாதங்கள் கழித்து அதைத் திறந்தபோது, வளையத்தை ஒட்டியிருந்த பளபளப்பு அட்டையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. மனம் கனத்துப் போனது. அன்றிலிருந்து வளையமே இல்லாமல், தாள்கள் முதுகோடு இணைக்கப்பட்ட, பக்கவாட்டில் அட்டையைச் செருகும் பைண்டரையே வாங்குகிறேன்.

தாள் எதனால் ஆனது என்பது அதைவிட முக்கியம். பிவிசி நெகிழியில் மென்மைக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் காலப்போக்கில் கசிந்து அட்டையின் மேற்பரப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால், பாலிபுரோப்பிலீன் என்ற வேறு வகை நெகிழியால் ஆனது என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பிறகு கணக்கு. 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த போகிமான் முதல் தொகுப்பில் 102 அட்டைகள். தாளின் ஒரு முகத்துக்கு 9 பைகள் என்றால், இருபுறமும் நிரப்ப 6 தாள்கள் போதும். எனினும், 63 × 88 மி.மீ. அளவுள்ள அந்த அட்டைகளை உறையிட்டே செருகுவதால் தடிமன் கூடும். ஆகவே பைண்டரைத் திணித்து நிரப்பாமல், சில தாள்களைக் காலியாகவே விட்டுவைக்கிறேன்.