அசலும் பொருத்தமும்

விற்பனைக்கு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பரிசோதித்து, வாங்குபவருக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த அறிக்கையில் நான் அதிகம் யோசித்து எழுதும் சொற்கள் இரண்டு: ‘அசல்’, ‘பொருத்தம்’. காரோடு பிறந்த பாகம் அசல். அதே வகையில், அதே காலத்தில் செய்த பாகத்தை வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியிருந்தால் அது பொருத்தம். விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். விலையில் பெரிய வித்தியாசம் வருவதோ இந்த இரண்டுக்கும் நடுவில்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் வாரமே ஒன்று சொன்னார்: “எண்ணை அப்புறம் பாரு தம்பி. எண் இருக்கிற இடத்தை முதல்ல பாரு.”

அதன் அர்த்தம் ஒரு 1967 செவ்ரோலே கொர்வெட்டில் எனக்கு முழுதாக விளங்கியது. 427 கன அங்குல இன்ஜின், ‘எல்லா எண்களும் அசல்’ என்று விளம்பரம். கொர்வெட்டில் இன்ஜின் எண்ணை வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இன்ஜினின் உடலான பிளாக்கில் உள்ள ஒரு சிறு சமதளத்தில் குத்தியிருப்பார்கள். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பை இழைக்கும்போது அந்த இடத்திலும் மெல்லிய இணைகோடுகள் விழும். பின்னாளில் யாராவது மேற்பரப்பைச் சீவினால் கோடும் போகும், எண்ணும் போகும். எண்ணைத் திரும்பக் குத்துவது எளிது; கோட்டைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். இந்தக் காரில் கோடுகள் இருந்தன. முதல் எழுத்து டோனவாண்டா இன்ஜின் ஆலையைக் குறித்தது. அடுத்து 0315, அதாவது இன்ஜினைப் பூட்டிய நாள் மார்ச் 15. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

பிறகு காரை லிஃப்டில் ஏற்றி, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தேன். பிளாக்கின் வார்ப்புத் தேதி தெரிந்தது. செவ்ரோலே வார்ப்பில் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. ஏ என்றால் ஜனவரி. அங்கே இருந்தது இ, 9, 7. 1967 மே 9. மார்ச்சில் பூட்டிய இன்ஜினுக்கு மே மாதத்தில் வார்த்த பிளாக். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதை. கோடுகளையும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து கீறியிருக்கிறார்கள். விற்பவரிடம் காட்டினேன். அவரும் நம்பி ஏமாந்தவர்தான். வெகுநேரம் பேசாமல் நின்றார். அந்த மௌனம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் காரிலும் தேதிகளையே முதலில் தேடுகிறேன். பிரிட்டிஷ் கார்களில் லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றிலும் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். போர்ஷே கார்களில் வரும் ஃபூக்ஸ் சக்கரத்தின் உட்புறத்திலும் தேதி உண்டு. பாகங்களின் தேதி கார் ஆலையைவிட்டு வெளிவந்த நாளுக்குச் சில வாரங்களோ, ஓரிரு மாதங்களோ முந்தியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே நாளைக் காட்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 மாதிரியில் மொத்தம் 1,580 கார்கள்தான் செய்தார்கள். வாத்துவால் என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பின்மூடியை இன்று யாரும் வாங்கிச் சாதாரண 911-இல் பூட்டிவிடலாம். அதனால் நான் அதைப் பார்ப்பதே கடைசியில்தான். பின்சக்கர வளைவுகளை அகலப்படுத்தியிருக்கும் இடத்தில் உள்ளே கைவிட்டு, அது ஆலை வேலைதானா என்று வெல்டிங்கைத் தடவிப் பார்ப்பேன்.

பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறது. ஆலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். பட்டி பார்த்த இடத்தில் எண் பல நூறுக்குத் தாவும். கொர்வெட்டுக்கு உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் இரும்புத் தகட்டுக்கான இந்தக் கருவி அங்கே உதவாது. உட்புறத்தில் உடல் பலகைகளை இணைக்கும் ஒட்டுப் பட்டைகளைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நல்லெண்ணத்தோடு அழிக்கப்பட்ட கார்கள். அந்தக் காலத்து ஆலையில் அடிப்பாகத்தை யாரும் மெருகேற்றியதில்லை. பெயிண்ட் தெறித்திருக்கும், ஸ்பாட் வெல்டிங் பள்ளங்கள் அப்படியே தெரியும். புதுப்பிப்பவர் அந்தப் பள்ளங்களை நிரப்பி, தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்கிவிடுகிறார். பார்க்க அழகு, ஆனால் கார் அப்படிப் பிறக்கவில்லை. 1974-இல் தொடங்கிய கொர்வெட் புதுப்பிப்போர் சங்கமான என்சிஆர்எஸ், ஆலையைவிட்டு வந்த நிலையையே அளவுகோலாக வைக்கிறது. அதிகப் பளபளப்புக்கும் அங்கே மதிப்பெண் குறையும். அது சரியென்றே நினைக்கிறேன்.

சென்ற முறை பார்த்தது 1965 ஜாகுவார் ஈ-டைப், 4.2 லிட்டர். ஆலையின் பழைய பதிவேடுகளைப் பாதுகாக்கும் ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் சேஸிஸ், இன்ஜின், உடல், கியர்பாக்ஸ் எண்கள் இருக்கும். இதில் இன்ஜின் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை. விற்பவர் நான் கேட்கும் முன்பே ஒரு பழைய ரசீதை எடுத்து நீட்டினார்: முன்பிருந்த உரிமையாளர் இன்ஜின் மாற்றியதற்கான ரசீது. பெயிண்ட் பல இடங்களில் உதிர்ந்திருந்தது, ஆனால் கம்பளத்துக்கு அடியில் சான்றிதழில் சொன்ன அதே நிறம்.

வாங்குபவர் போனில் தயங்கினார். “இன்ஜின் மாறியிருக்கே சார், எடுக்கலாமா?”

“இன்ஜின் பொருத்தம்னு எழுதறேன், உடல் அசல்னு எழுதறேன். ரெண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன்” என்றேன்.

அவரிடம் பேசிவிட்டுக் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். பின்புறத்தில் மெழுகுப் பென்சிலால் எழுதிய எண், உடல் எண்ணேதான். ஆலையில் யாரோ ஒருவர் அவசரமாகக் கிறுக்கியது. படம் எடுத்துக்கொண்டு, எழுத்தில் விரல் படாமல், பலகையைத் திரும்ப மாட்டினேன்.