வால்பாறையில் இரண்டு நாள்

சென்ற வாரம் நானும் என் மனைவியும், எந்தத் திட்டமும் இல்லாமல், பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்தில் வால்பாறைக்குப் போய் வந்தோம். ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சொந்தக் காரில் கடப்பவர்கள் பாதையை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். சன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கோ, ஒன்பதாம் வளைவுக்கு அருகே, நம் மாநில விலங்கான வரையாடுகள் இரண்டு தடுப்புச்சுவரின் மேல் சாவகாசமாக நின்று, கீழே விரிந்து கிடந்த அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி கிடைத்தது.

ஊரில் கடைவீதியும் தேநீர்க் கடைகளும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை புதுத்தோட்டம் பக்கம் நடந்தபோது, பிடரி மயிர் முகத்தைச் சூழ்ந்த சோலைமந்திகள் (சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள்) சாலையோர மரத்தில் பலாக்காயைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்த இனம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய சோலைக்காடுகளில்தான் இங்கே பிழைத்திருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் பிஸ்கட் போடாமல் இருந்தால் நல்லது.

மாலையில் தேநீர்க் கடை அம்மா, "ஏனுங்க, இருட்டுனதுக்கப்புறம் நடக்காதீங்க, ஆனை வருமுங்க" என்றார். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அருகில் யானை நிற்கிறது என்று பொருளாம். அன்றிரவு அந்த விளக்கு எரிந்தது. நாங்கள் அறையிலேயே இருந்துகொண்டோம்.