முதல் முப்பது நாட்கள்

திருகோணமலையில் ஒரு பிள்ளையைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே வீட்டாருக்கு நாட்கள் போய்விடும். கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நாலாம் மாடியா, காலிப் பக்கத்துப் பூசா தடுப்பு முகாமா, இங்கேயேதானா? உள்ளே அடி விழுந்திருந்தால் அதற்கு யார் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதைக்கு எந்த விதிவிலக்கும் வைக்கவில்லை. ஆனால் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. தடுப்புக்காவல் உத்தரவோ மும்மூன்று மாதமாக நீளும். முன்பு 18 மாதம் வரை இருந்தது, பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கான 2022 திருத்தத்தின் பின் 12 மாதம். ஆகவே அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்ததைக் காட்டும் கடிதங்களும் வேண்டும். நல்ல மனுக்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பிடித்தவரின் கடமை. வேண்டுமென்றே அறிவிக்காமல் விடுவது தனிக் குற்றம்.

அடுத்தது வாக்குமூலம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்டவர் எழுதினால் செல்லும். அடித்து வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியவரோ அடி வாங்கியவர். 2022 திருத்தமும் இதைத் தொடவில்லை. சிங்கராசா வழக்கைப் பாருங்கள். சிங்கள வாக்குமூலம், தமிழ் மட்டுமே தெரிந்தவரின் பெருவிரல் அடையாளம். முதுகில் தழும்புகளும் இடது கண்ணில் நிரந்தரப் பாதிப்பும் இருப்பதாகச் சட்ட வைத்திய அறிக்கை சொன்னது. அப்படியிருந்தும் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35. நிரூபிக்கும் சுமையைக் கைதியின் தலையில் வைத்தது தவறு என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

அதனால்தான் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை இவ்வளவு வற்புறுத்துகிறோம். உள்ளங்கால் அடியின் வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடும். பெற்றோல் தெளித்த பொலித்தீன் பையால் முகத்தை மூடினால் பெரும்பாலும் தடயமே இருக்காது. கையைப் பின்னால் கட்டித் தூக்கினால் தோள் நரம்பு பழுதாகலாம். அப்படிப் பழுதானவரைப் பரிசோதனையில் கையை முன்னே நீட்டிச் சுவரைத் தள்ளச் சொன்னால் தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் புடைத்து நிற்கலாம். இதைப் பார்க்கத் தெரிந்த வைத்தியர் வேண்டும், பார்க்க நேரமும் வேண்டும். கூட்டிவந்த பொலிஸார் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். காயத்தின் இடம், நீளம், நிறம், எத்தனை நாள் பழையது என்பவற்றோடு, எப்படி ஏற்பட்டது என்று கைதி சொன்னதையும் எழுத வேண்டும். "வெளிக்காயம் இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கும் வைத்தியரை நீதிமன்றங்கள் அரிதாகவே கேள்வி கேட்கின்றன. அவரும் பொறுப்பாளிதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவரும் அப்படியே.

அடித்தவரைத் தண்டிக்கும் குற்றவியல் வழி, சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். மேல் நீதிமன்றத்தில் வழக்கு, குறைந்தது 7 வருடம், கூடியது 10. "மேலதிகாரி சொன்னார்", "யுத்த காலம்" என்ற இரண்டையும் அந்தச் சட்டம் எதிர்வாதமாக ஏற்காது. ஆனால் குற்றப்பத்திரம் சட்டமா அதிபரின் கையில். கைதிக்கு எதிராக அதே வாக்குமூலத்தை வைத்து வழக்கு நடத்துவதும் அந்தத் திணைக்களமே. இந்த முடிச்சு அவிழாதவரை அந்த 7 வருடம் அநேகமாகக் கடதாசியில்தான் இருக்கும்.

மேலதிகாரியை எட்டும் வழி அடிப்படை உரிமை மனுதான். ஸ்ரீயானி சில்வா வழக்கில், தன் காவலில் நடந்ததைத் தடுக்காத பொறுப்பதிகாரியை உயர் நீதிமன்றம் பொறுப்பாளியாக்கியது. மனுவில் அடித்தவரின் பெயர் தெரியாவிட்டாலும் அன்று பொறுப்பில் இருந்தவரின் பதவியைக் குறிப்பிடுங்கள்.

2022 திருத்தத்தில் பயனுள்ள ஒன்று உண்டு. நீதவான் மாதம் ஒரு தடவையாவது தடுப்பிடத்துக்குப் போய்க் கைதியைப் பார்க்க வேண்டும். சித்திரவதை என்று கைதி சொன்னால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். நீதவான் போகக்கூடியது அவருக்குத் தெரிந்த இடத்துக்கு மட்டுமே. எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பிடம் ஒன்று இருந்ததை, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் நேரில் பார்த்து உலகுக்குச் சொன்னது.