யாருக்கு எழுத?

கொடைக்கானல் பக்கம் பூம்பாறைல மூணு நாளா மூடுபனி. எதிர்ல இருக்கிற தைல மரம்கூடத் தெரியல. நோட்டை விரிச்சா அதே பழைய கேள்விதான்: எதை எழுத, யாருக்கு எழுத? கீழே இருந்து வர்றவங்களுக்குக் கொடைக்கானல்னா ஏரி, தூண்பாறை, சாக்லேட். அதை நான் வேற எழுதணுமா?

2018-ல குறிஞ்சி பூத்தப்போ ஒரு வரி எழுதி வைக்கல. போட்டோ எடுத்தேன், அந்த போனும் போச்சு. சரிவுல நின்னு அம்மா என்னவோ சொல்லிச் சிரிச்சாங்க. என்ன சொன்னாங்கன்னு எவ்வளவு யோசிச்சும் வரல. அடுத்த பூப்பு 2030. அம்மா இப்போ இல்ல.

இன்னிக்கு எழுதினது இவ்வளவுதான்: ராத்திரி காட்டுமாடு கேரட் பாத்தியில புகுந்துருச்சு. பரண்ல பூண்டு இன்னும் காயல. பெரியம்மா அந்த மாட்டைத் திட்டின திட்டு, வார்த்தை மாறாம.