கோவளம் சர்ஃபிங்: சனி ஒரு காலை, ஞாயிறு ஒரு காலை

சனிக்கிழமை டிபனை நிதானமாக முடித்துக்கொண்டு, ஈ.சி.ஆர். நெரிசலில் ஊர்ந்து, பதினொரு மணிக்குக் கோவளத்தில் போய் இறங்கினால் அன்றைய சர்ஃபிங் அதோடு சரி. கடற்காற்று எழும்பியிருக்கும். அலையின் முகம் கலைந்து, எது எங்கே உடைகிறது என்றே தெரியாமல் நுரை நுரையாக வரும். கட்டின பணமும் பயிற்சியாளரின் பொறுமையும் வீண். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கோவளக் கடல் தருவது விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, மிஞ்சிப்போனால் பத்து. வார இறுதிக்கு அப்படி இரண்டு காலை கிடைக்கும். அறை, வண்டி, சாப்பாடு எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு ஏற்றபடிதான் போட வேண்டும்.

முதலில் ஊரைச் சரியாகப் பிடியுங்கள். கோவளம் என்று தேடினால் ஆப் திருவனந்தபுரத்தைக் காட்டும். கன்னியாகுமரிப் பக்கமும் ஒரு கோவளம் உண்டு. நமக்கு வேண்டியது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம், சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கி.மீ. அறை முன்பதிவு செய்யும்போது மாவட்டத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஈ.சி.ஆரில் முட்டுக்காடு தாண்டினதும் வரும். ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிறவர்கள் கேளம்பாக்கம் வழியாகக் குறுக்கே வந்துவிடலாம். மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினால் கோவளம் கூட்ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடக்கலாம். வெள்ளி இரவே வந்து தங்குவதுதான் உத்தமம். முடியாவிட்டால் சனி காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

எந்த மாதம் என்று கேட்டால் பதிலைக் காற்றுதான் சொல்லும். இந்தக் கரையின் மீனவர்கள் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து தரை வழியாக வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது தென்னல், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. சர்ஃபிங்குக்குத் தோழன் கச்சான். கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், ஏறிவரும் அலையை எதிர்த்துத் தாங்கிப் பிடிக்கிறது. அலை சட்டென்று சரியாமல் ஒரு கணம் நின்று, மேலிருந்து ஒழுங்காக உடையும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல காலைகள் இப்படித்தான் விடியும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் நெடுவீச்சு அலைகளும் அதே மாதங்களில் வந்து சேரும். ஏப்ரல், மே மாதங்களில் தென்னல் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். ஜனவரி முதல் மார்ச் வரை அலை சிறிது. குழந்தைகளுக்கும், தண்ணீர் என்றாலே தயங்குகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புதியவர்கள் வரவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் கடல் முரட்டுக் கடல். பெரிய மழை பெய்தால் கழிமுகத்து அழுக்கெல்லாம் கரையோரமாகவே வரும். அதற்கப்புறம் இரண்டு நாளாவது தண்ணீரில் கால் வைக்காதீர்கள், காதுக்கும் வயிற்றுக்கும் ஆகாது.

அலை முன்னறிவிப்பில் எல்லோரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கால் மீட்டர் உயரம், 10 விநாடி என்று போட்டிருந்தால் பழகுவதற்கு அருமையான நாள். ஒன்றரை மீட்டர், 5 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிவிட்ட குழப்பம். மூச்சுவிட நேரமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். விநாடி 15-ஐத் தாண்டினால் உயரம் குறைவாகப் போட்டிருந்தாலும் யோசியுங்கள். கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்கிறார்களே, அந்த வகை. வானம் தெளிவாக, காற்றே இல்லாதபோதும் திடீரென்று ஏறி வரும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு எச்சரிக்கை வெளியிடும். அந்த நாளில் கரையோடு நின்றுகொள்ளுங்கள். ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது பற்றி இங்கே பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பௌர்ணமி, அமாவாசையில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான்.

கோவளத்தில் சர்ஃபிங் வேர்விட்டதற்கு உள்ளூர்க்காரர்கள்தான் காரணம். மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் பலர் போட்டியாளர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் வந்தார்கள். கட்டுமரத்தில் நின்றுகொண்டே உடையும் அலையைக் கடந்து கரை சேர்கிற பழக்கம் உள்ள ஊரில் இது புதிய வித்தையே இல்லை. இன்று ஊருக்குள் பல பள்ளிகள். எதில் சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், பயிற்சியாளரிடம் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் சான்றிதழும் நீர்மீட்புச் சான்றிதழும் இருக்கிறதா, கட்டணத்தில் போர்டும் லைக்ரா சட்டையும் அடக்கமா. ஒருவருக்கு மூன்று பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள். நீச்சல் தெரியாதவர் குழுவில் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து.

ஆறு பேராகப் போகிறீர்கள் என்றால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். ஆறு மணிக்கு மூன்று பேர், ஏழரைக்கு மூன்று பேர். கரையில் இருக்கிற மூவரில் ஒவ்வொருவரும் தண்ணீரில் இருக்கிற ஒருவரை மட்டும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். வீடியோவும் நன்றாக வரும், எண்ணிக்கையும் தப்பாது. இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி போதும். பொங்கலும் வடையும் கடலை விட்டு வெளியே வந்தபிறகு.

போர்டு விஷயத்தில் கௌரவம் பார்க்கக் கூடாது. 60 முதல் 75 கிலோ எடை உள்ளவருக்கு மேலே பஞ்சு மாதிரி மெத்தென்றிருக்கும் 8 அடி சாஃப்ட் போர்டு. அதற்கு மேல் எடை என்றால் 9 அடி. ஆறடி ஃபைபர் போர்டு பார்க்க அழகு. முதல் நாள் அதில் படுத்துக்கொள்ளக்கூட முடியாது. வாங்கும்போதே அடியில் மீன்துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின்களை ஆட்டிப் பாருங்கள், ஆடினால் திருகை முறுக்கச் சொல்லுங்கள். போர்டைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு ஏறக்குறைய போர்டு நீளம் இருக்க வேண்டும். அதன் வெல்க்ரோ பட்டையில் மணல் ஏறியிருந்தால் பிடிக்காது, கழுவிவிட்டுக் கட்டுங்கள். எந்தக் காலில் கட்டுவது? பின்னால் வைக்கும் காலில். எது பின்கால் என்று தெரியாவிட்டால் கண்ணை மூடி நில்லுங்கள், நண்பர் முதுகில் லேசாகத் தள்ளட்டும். விழாமலிருக்க எந்தக் கால் முன்னே போகிறதோ அது முன்கால், மற்றது பின்கால். பருத்தி டி-ஷர்ட் வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனக்கும், அக்குளையும் வயிற்றையும் உரசித் தோலைக் கிளப்பிவிடும். லைக்ரா போட்டாலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். கையில் வாசலின் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போர்டில் பட்டால் வழுக்கும்.

எழுந்து நிற்கும் வித்தையை மணலில்தான் கற்க வேண்டும். மணலில் போர்டு அளவுக்குக் கோடு கிழித்து அதன் நடுக்கோட்டில் குப்புறப் படுங்கள். கால்விரல் நுனி போர்டின் வாலைத் தொடட்டும். உள்ளங்கை இரண்டையும் கீழ் விலா எலும்புக்கு அருகே, போர்டின் மேல் பரப்பில் ஊன்ற வேண்டும். எல்லோரும் பயத்தில் போர்டின் ஓரத்தைப் பிடிப்பார்கள். ஓரத்தைப் பிடித்தால் ஒரு பக்கம் அழுத்தம் கூடும், போர்டு அந்தப் பக்கமே கவிழும். இனி நெஞ்சைத் தூக்கி, பின்காலை முதலில் குறுக்காக ஊன்றி, முன்காலை இரண்டு கைக்கும் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். முழங்கால் போட்டு எழுவது கெட்ட பழக்கம். ஒருமுறை பழகினால் ஒரு வருஷம் விடாது. நின்றபிறகு தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, பார்வையைக் கரையில் இருக்கிற ஒரு மரத்தில் வையுங்கள். குனிந்து காலைப் பார்த்தால் தலை போன வழியே உடம்பும் போகும். இருபது தடவை செய்தால் மூச்சு வாங்கும். அந்த மூச்சோடேயே தண்ணீருக்குப் போகலாம்.

தண்ணீரில் போர்டை எப்போதும் உங்களுக்குப் பக்கவாட்டில், அதன் மூக்கு (முன்நுனி) அலையைப் பார்க்கும்படி பிடித்து நடங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் போர்டு குறுக்கே வந்தால் அலை அதை அப்படியே பல்லில் கொண்டுவந்து சாத்தும். லீஷைக் கைவிரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இடுப்பளவில் நின்று, உடைந்து வரும் நுரை அலை நாலைந்து மீட்டர் தொலைவில் இருக்கும்போதே படுத்துக் கையாலேயே துடுப்பு போட ஆரம்பியுங்கள். அலை வாலைத் தூக்கியதும் எழ அவசரப்படுவதுதான் பொதுவான பிழை. இன்னும் மூன்று இழுப்பு ஆழமாகப் போட்டு, போர்டு தானே வழுக்கிப் போகிறது என்று தெரிந்தபிறகு கையை ஊன்றுங்கள். மூக்கு தண்ணீருக்குள் குத்திக் குட்டிக்கரணம் போட்டால் முன்னால் அதிகம் படுத்திருக்கிறீர்கள். ஒரு சாண் பின்னால் நகருங்கள். அலை உங்களைத் தாண்டிப் போய்விட்டால் அதிகம் பின்னால் இருக்கிறீர்கள். படுத்திருக்கும்போது போர்டின் மூக்கு தண்ணீருக்கு மேலே மூன்று நான்கு விரல் உயரம் தெரிந்தால் சரியான இடம்.

விழத்தான் போகிறீர்கள், எனவே விழவும் கற்க வேண்டும். தலைகீழாகப் பாயாதீர்கள். உடம்பைத் தட்டையாக, பக்கவாட்டிலோ பிட்டத்திலோ விழவிடுங்கள். நுரை அலை உடையும் இடத்தில் ஆழம் முட்டியளவாகக்கூட இருக்கும். உள்ளே போனதும் இரண்டு கையாலும் தலையை மூடி, மேலே வரும்போதும் கையை எடுக்காமல் வாருங்கள். லீஷ் இழுத்த வேகத்தில் போர்டு திரும்பி வரும் இடம் பெரும்பாலும் உங்கள் மண்டை.

அரை மணி நேரத்தில் எல்லோரும் வேறு இடத்தில் இருப்பார்கள். வெள்ளம், அதாவது கரையோர நீரோட்டம், இழுத்திருக்கும். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வண்ணி என்பார்கள் இந்தக் கரையில். கரையில் ஒரு கம்பு நட்டு அதில் பளிச்சென்ற துண்டைக் கட்டிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, விலகிவிட்டால் நீந்தி எதிர்க்காமல் கரையேறி நடந்து திரும்புங்கள். கடல் உள்ளே இழுக்கிறது என்று தோன்றினால் போர்டை விடவே கூடாது. அதைவிடப் பெரிய மிதவை உங்களுக்கு வேறு கிடையாது. படுத்துக்கொண்டு கரைக்கு இணையாகத் துடுப்பு போட்டு இழுப்பிலிருந்து விலகி, பிறகு நுரை அலையோடு கரை சேருங்கள். முடியாவிட்டால் ஒரு கையை உயர்த்தி ஆட்டினால் பயிற்சியாளர் வருவார்.

கல் கொட்டிய தடுப்புப் பக்கம் போகாதீர்கள். அங்கே உடையும் அலையில் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்து ஆசை வரும்; விழுந்தால் பாறையும் சிப்பியும்தான். விடியற்காலை ஃபைபர் படகுகள் கரை திரும்பும் நேரமும் அதுவே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், சின்னப் படகுகள் அப்போதும் வரும். படகு கரையேறும் நேர்க்கோட்டை விட்டு விலகி நிற்பதும், காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போவதும் மரியாதை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருங்கள். சில மாதங்களில் சொறி (ஜெல்லி மீன்) வரும். கொட்டினால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையைத் துணியால் எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ இருந்தால் உடனே மருத்துவமனை.

பத்து மணிக்கு மேல் நேரம் நிறைய இருக்கும். சாப்பிட்டுத் தூங்குவதுதான் முதல் சிபாரிசு. தூக்கம் வராதவர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, கோவளத்திலேயே தமீமுல் அன்சாரி தர்கா. தெற்கே மாமல்லபுரம் சுமார் 20 கி.மீ. 2023-ல் உலக சர்ஃப் லீகின் தகுதிச்சுற்றும், 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் நடந்த கடல் அது. அந்த ஆசியப் போட்டியில்தான் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். போர்டைக் காரில் வெயிலில் பூட்டி வைத்துவிட்டுச் சுற்றப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து மேல்தோல் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பிவிடும், அதற்கான காசை உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஞாயிறு காலை கழுத்தும் தோளும் விலாவும் பேசும். படுத்தபடியே நெஞ்சைத் தூக்கித் துடுப்பு போட்டதன் வலி அது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் போதும். சனிக்கிழமை நுரை அலையில் பத்துக்கு ஆறு தடவை நின்றவர்கள் மட்டும் பயிற்சியாளரோடு இன்னும் உள்ளே போய், உடையாத அலையை முயலலாம். அங்கே ஒரே விதி: அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் நெருக்கமோ அலை அவருடையது. மற்றவர்கள் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வந்து, பிறகு ஒரு ஓய்வு விடும். வெளியே போவதற்கு அந்த ஓய்வுதான் நேரம்.

கிளம்பும் முன் போர்டையும் லீஷையும் நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுங்கள். காதில் பட்ஸ் விடாமல் தலையைச் சாய்த்து உலர்த்துங்கள். குளித்து முடித்ததும் ஒருமுறை இடுப்பு வரை குனிந்து தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். மூக்கெலும்புக்குப் பின்னால் தேங்கிய கடல் அப்போதே வடியும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸில் ஷூ லேஸ் கட்டக் குனியும்போது மேனேஜர் முன்னால் வடியும்.