ஒய் நாற்காலிக்குப் புதுக் கயிறு

2 ஏப்ரல் 2024

இன்று நாற்காலி வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் பிறந்த நாள். 1914-இல், இப்போது டென்மார்க்கில் இருக்கும் டோண்டர் ஊரில், செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். பள்ளி வயதிலேயே தச்சுப் பட்டறைக்குப் போனவர்; வரைபடப் படிப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

பட்டறையில் இருப்பது அவருடைய சிஎச் 24, அதாவது ஒய் நாற்காலி. வரைந்தது 1949, 1950 முதல் கார்ல் ஹான்சன் அண்ட் சன் நிறுவனம் இடைவிடாமல் செய்துவருகிறது. இருக்கையின் முன்விளிம்பில் கயிறு அறுந்திருக்கிறது. தொடை உரசுகிற இடம், அங்கேதான் முதலில் விடும்.

பழைய கயிற்றை அறுத்தாயிற்று, ஆணிகளைப் பிடுங்கியாயிற்று. பின்னுவதற்கு முன் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். கழுந்து (துளைக்குள் செருகிய மரமுனை) தளர்ந்திருந்தால் பசை வைக்க இதுதான் சமயம். கயிறு ஏறிய பிறகு அதன் இழுவிசை ஆட்டத்தை மறைத்துவிடும்.

3 ஏப்ரல்

கயிறு என்றாலும் இது காகிதம்: மூன்று புரி சேர்த்து முறுக்கியது. ஒரு நாற்காலிக்கு சுமார் 120 மீட்டர். ஈரப் பஞ்சால் தடவினால் போதும், இழுக்க இளகிவரும். தண்ணீரில் ஊறப்போட்டால் முறுக்கு பிரிந்து மேல்தோல் உரியும்.

முன்சட்டம் பின்சட்டத்தைவிட நீளம். வித்தியாசத்தை அளந்து, பாதியாக்கி, முன்சட்டத்தின் இரு முனையிலும் பென்சில் குறி. முதலில் அந்த மூலைகளை மட்டும் நிரப்ப வேண்டும். இடப் பக்கச்சட்டத்தின் உள்முகத்தில் நுனியை ஆணியடித்து, முன்சட்டத்தின் மேலாகக் கொண்டுபோய், அடியில் சுற்றி, நடுவில் மேலே எடுத்து, இடப் பக்கச்சட்டத்தைச் சுற்றி, வலப்பக்கம் தாண்டி, அங்கும் அதையே செய்து, எதிர்முனையில் ஆணி. குறி வரும்வரை இப்படியே. இதை விட்டுவிட்டு நேரடியாக நாலு மூலையும் சுற்றினால் இழைகள் கோணலாகப் போகும், பாதியில் அவிழ்க்க நேரும்.

5 ஏப்ரல்

நாலு மூலைச் சுற்று. எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை மூலைமட்டம் வைத்து, மரக்கட்டையால் தட்டி இழைகளை நெருக்க வேண்டும். மூலையில் ஒரு இழை முந்தினால் அடுத்தது எல்லாம் அதன் மேல் ஏறும். ஒட்டு முடிச்சு அடிப்பக்கம் மட்டும்.

பின்னும்போது முதுகுப் பக்கம் கண்ணெதிரே நிற்கிறது. மேல்வளையம் ஆவியில் வளைத்த மரம். அதை நடுவில் தாங்குவது அந்த ஒய் பலகை, அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பின்கால்களும் வளைத்தவை போலத் தெரியும், ஆனால் பலகையிலிருந்து அறுத்தெடுத்தவை. தச்சர் போட்ட கணக்கு இது.

இதே 1949-இல் செய்த அவருடைய வட்ட நாற்காலியில், முதுகுத் துண்டுகளின் இணைப்பு அழகாக வரவில்லை என்று பிரம்பு சுற்றி மறைத்திருந்தார். பிறகு விரல் கோத்தது போன்ற வளைகோட்டு இணைப்பைக் கண்டதும், பிரம்பைக் கழற்றி மரத்தை அப்படியே காட்டினார். வெக்னர் செய்த ஐந்நூற்றுச் சொச்சம் நாற்காலிகளில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இணைப்புதான். 1960-இல் கென்னடி நிக்சனோடு நடத்திய தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்ததும் அந்த வட்ட நாற்காலியில்தான்.

6 ஏப்ரல்

பக்கச்சட்டங்கள் நிறைந்துவிட்டன, நடுவில் இடைவெளி மிச்சம். அதற்கு 8 என்ற எண் வடிவில் பின்னல்: முன்சட்டத்தின் மேல், அடி, நடுவில் மேலே, பின்சட்டத்தின் மேல், அடி, மறுபடி நடுவில் மேலே. கடைசி மூன்று சுற்றுக்கு விரல் நுழையாது. மழுங்கிய திருப்புளியால் இழைகளை ஒதுக்கிக் கயிற்றை நுழைக்க வேண்டும். கூர்மையானது காகிதத்தைக் கிழிக்கும். நுனி அடியில் ஆணியோடு முடிந்தது. ஈரம் காய ஒரு நாள், அதுவரை யாரும் உட்காரக் கூடாது.