கடைசியாகக் காய்ச்சிய ஒரு கேன் மேப்பிள் சிரப்

"கொட்டுவானேன்? தேனீக்களுக்கு வைத்துவிடலாமே" என்றார் பண்ணைப் பெரியவர். வேண்டாம் என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

கனடாவின் ஒன்ராறியோவில் ஏப்ரலில் மேப்பிள் மரத்தின் மொட்டு பருத்துவிட்டால், சிரப் காய்ச்ச அதிலிருந்து வடிக்கும் சாறு கெட்டுப்போகும். இனிப்பும் குறையும்: 2 சதவீதச் சாறு என்றால் ஒரு லிட்டர் சிரப்புக்கு 43 லிட்டர் போதும், 1.3 சதவீதமானால் 66 லிட்டரைக் காய்ச்ச வேண்டும். அத்தனை விறகும் எரித்து, தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் 4 டிகிரி வந்து, சர்க்கரை அளவு 66 பிரிக்ஸ் (அதாவது 66 சதவீதம்) காட்டினாலும் மொட்டு வாடை போகாது. வடிகட்டியில் தங்குவது சர்க்கரை மணல் எனப்படும் தாது வண்டல் மட்டும்தான். ஒரு கோப்பைச் சாற்றை முதலில் அடுப்பில் சுண்டக் காய்ச்சி ஆவியை முகர்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். மேப்பிள் மணம் வர வேண்டிய இடத்தில் கசந்த சாக்லேட் வாடை வரும். மட்டரகச் சிரப்பை எடுக்கும் மொத்த வியாபாரிகள் உண்டு, ஆனால் அதற்கு ஒரு கேன் காணாது.

தேனீக்கு ஏன் ஆகாது? அவரிடம் நான் சொன்ன காரணம் இது: கருத்த சிரப்பில் தாது உப்புகள் அதிகம். குளிர்காலத்தில் வெளியே பறக்க முடியாமல் அடைந்து கிடக்கும் கூட்டத்துக்கு அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், பெட்டிக்குள் அடை தாங்கும் மரச்சட்டங்களெல்லாம் நாறிவிடும். அதனால்தான் தேனீக்கு ஊட்டுவது வெள்ளைச் சர்க்கரைக் கரைசல்: வசந்தத்தில் எடைக்கு எடை தண்ணீர், இலையுதிர் காலத்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை.

ஆனால் அது ஏப்ரல். வெயில் அடித்த மதியங்களில் தேனீக்கள் வெளியே பறந்து கழித்துவிட்டு வரும். சாறு வடியும் குழாய் விளிம்பிலேயே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டும் இருந்தன. அப்படிப் பார்த்தால் நான் சொன்ன காரணம் அந்த வாரத்துக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத்தான் இப்போதும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டின் கீழ்ப்பெட்டியில் சேர்த்துவைக்கும் சிரப்பை, மேலே நாம் தேன் எடுப்பதற்கான தட்டை ஏற்றியதும் தேனீக்கள் அதற்குள் மாற்றிவிடலாம். பிறகு நாம் பிழிந்தெடுப்பது கலப்படம். தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 17.5 சதவீதம் என்று காட்டும். மூடிய அடையில் இருப்பது பூந்தேனா சிரப்பா என்று அது சொல்லாது.

சர்க்கரைக் கரைசலும் அப்படித்தானே மேலே போகும் என்று அவர் கேட்டிருந்தால்? போகும். தேன் தட்டு ஏற்றுவதற்கு முன்பே ஊட்டுவதை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். சிரப்பையும் அப்படியே நிறுத்தியிருக்கலாம். பெட்டியைப் பின்பக்கம் தூக்கிப் பார்த்தபோது கனமாகத்தான் இருந்தது. கூட்டுக்குத் தீனி தேவைப்படவில்லை. அவரிடம் அதை மட்டும் சொல்லியிருந்தாலே போதும் என்று தோன்றுகிறது.